தோசைக்கல்லின் கனத்தில் கைவைக்காதீர்கள்

குற்றாலத்துக்கோ குலதெய்வக் கோயிலுக்கோ வேன் பிடித்துக் கிளம்பும் குடும்பங்களில், சமையல் சாமான் எடுத்து வைக்கும்போது ஒரு பேச்சு தவறாமல் எழும். "வீட்டுக் கல்லா? அது கனமால்லா இருக்கு. லேசா ஒண்ணு வாங்கிக்கிடுவோம்." யாரும் மறுத்துப் பேசுவதில்லை. பாத்திரக் கடைக்காரரும் அதையே சொல்கிறார். வெளியூர் எடுத்துப் போவதற்கென்று அவர் எடுத்துக் காட்டும் கல் மெல்லிய அலுமினியத்தில், மேலே கறுப்புப் பூச்சோடு, மடக்கும் பிடியோடு இருக்கும். இரண்டு விரலால் தூக்கிக் காட்டுவார். அந்த இரண்டு விரலிலேயே வியாபாரம் முடிந்துவிடும்.

வெளியே சமைப்பதற்கு லேசான கல்தான் சரி என்ற இந்த எண்ணம் தவறு. ஓரளவு தவறு என்றுகூட இல்லை, தலைகீழான தவறு. வீட்டில் மெல்லிய கல்லை வைத்துக்கொண்டு ஒருவர் சமாளித்துவிடலாம். வெட்டவெளியில் முடியாது. கனமான கல் எங்காவது கட்டாயம் வேண்டுமென்றால் அது வெளியேதான் வேண்டும்.

முதலில் அந்த வேனுக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். 20 பேர் போகிறார்கள் என்றால் தோசை மாவு மட்டும் 5 கிலோ. குடிக்கவும் சமைக்கவும் 20 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டு, அது 40 கிலோ. வீட்டு கேஸ் சிலிண்டரில் வாயு 14.2 கிலோ, காலி உருளை 15 கிலோவுக்கு மேல், ஆக ஏறத்தாழ 30 கிலோ. அரிசி மூட்டை, குத்துவிளக்கு, பொங்கல் பானை, மடக்கு நாற்காலி, தாத்தாவுக்கென்று ஒரு கட்டில்கூட ஏறுகிறது. இவற்றில் எதையும் யாரும் எடை பார்ப்பதில்லை. மொத்தச் சாமானில் 5 அல்லது 6 கிலோ எடையுள்ள ஒரே ஒரு பொருளிடம் மட்டும்தான் "கனம்" என்று குற்றம் சாட்டுகிறோம். அதுவும் போன இடத்தில் எல்லாருடைய வயிற்றையும் நிரப்பப்போகிற பொருளிடம்.

இந்தக் குழப்பத்தில் நம் சொல்லுக்கும் பங்கு உண்டு. எடையையும் தடிமனையும் நாம் "கனம்" என்ற ஒரே சொல்லால் குறிக்கிறோம். "கனமான மூட்டை" என்றால் எடை. "கனமான தகடு" என்றால் தடிமன். எடையைக் குறைக்க வேண்டும் என்று நினைக்கிறவர் கடையில் போய் "கனமில்லாத கல்" கேட்கிறார். கடைக்காரர் தடிமன் குறைந்த கல்லைத் தருகிறார். ஆனால் ஒரு கல்லின் எடையைக் குறைக்க இரண்டு வழிகள் இருக்கின்றன. தடிமனைக் குறைக்கலாம், அகலத்தைக் குறைக்கலாம். முதல் வழி கல்லின் உயிரையே எடுத்துவிடும். இரண்டாவது வழியில் எதுவும் கெடாது. ஊரே முதல் வழியில் போகிறது என்பதுதான் என் ஆதங்கம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஆடி மாதம். குற்றாலத்தில் சீசன். செங்கோட்டைப் பக்கத்துக் கணவாய் வழியாக வரும் காற்றும் சாரலும் தெரிந்தவர்களுக்கு அந்த நாளைச் சொல்ல வேண்டியதில்லை. அருவியில் குளித்துவிட்டுப் பிள்ளைகள் ஈரத்தலையோடு நடுங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். வண்டி நிறுத்துகிற திடலில் வேனை மறைப்பாக நிறுத்தி அடுப்பு மூட்டியாயிற்று. புதிதாக வாங்கிய லேசான கல். சித்தி ஊற்றினாள். முதல் தோசை நடுவில் கரிந்தது, ஓரத்தில் மாவாக நின்றது. இரண்டாவது ஒட்டிக்கொண்டு பிய்ந்து வந்தது. காற்று ஒரு முறை சுடரைச் சாய்த்ததும் மூன்றாவது வெளிறிப்போய்ச் சுருண்டது. தீயைக் கூட்டினால் புகை, குறைத்தால் பச்சை. ஒன்றரை மணி நேரம் போராடியும் ஆளுக்கு ஒன்றரை தோசைகூடத் தேறவில்லை. கடைசியில் மாமா கடைக்குப் போய் ரொட்டி வாங்கி வந்தார்.

எனக்கு அன்று தாங்க முடியாமல் போனது பசியல்ல. சித்தி சொன்ன ஒரு வார்த்தை. "எனக்கு இன்னைக்குக் கை வரல." நாற்பது வருஷமாக இரும்புக் கல்லில் காகிதம்போலத் தோசை வார்த்த கை அது. கை வராமல் போகவில்லை, கல் வரவில்லை. ஆனால் எந்தக் குடும்பத்திலும் கல்லை யாரும் குறை சொல்வதில்லை. அடுப்படியில் நிற்பவளின் தலையில்தான் எல்லாம் வந்து விழுகிறது. லேசான கல்லை வாங்கிவந்தவர் அந்த நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். இந்தக் கட்டுரையை எழுத என்னைத் தூண்டியதே அந்த ஒரு வார்த்தைதான்.

கல் ஏன் வரவில்லை என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். 40 சென்டிமீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் அகலத்தில் இரண்டு கல் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று 6 எம்.எம். இரும்புத் தகடு, எடை சுமார் 5.6 கிலோ. மற்றது 3 எம்.எம். அலுமினியம், எடை ஒரு கிலோகூட இல்லை. இரண்டையும் 200 டிகிரி வரை காயவைக்கிறோம். ஒரு கரண்டி மாவு சுமார் 80 கிராம். அது கொதிநிலை வரை சூடேறவே ஏறக்குறைய 20 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தை மாவு முதலில் கல்லிடமிருந்துதான் பிடுங்கும். அடுப்பு அந்த நொடியில் எதுவும் தராவிட்டால் இரும்புக் கல் 8 டிகிரிதான் இறங்கும். அலுமினியக் கல் 24 டிகிரி இறங்கும். பக்கத்தில் இன்னொரு தோசையும் ஊற்றினால் இரும்பு 184இல் நிற்கும், அலுமினியம் 152க்கு வந்துவிடும். மாவிலிருக்கும் தண்ணீர் ஆவியாகப் போவதற்கு இதைப்போலப் பலமடங்கு வெப்பம் இனிமேல்தான் வேண்டும்.

"அடுப்புதான் எரிஞ்சுகிட்டு இருக்கே, அது ஈடுகட்டாதா?" என்று கேட்பார்கள். வீட்டில் ஈடுகட்டும். சமையலறையில் காற்று கிடையாது, சுடர் நிமிர்ந்து நிற்கும், ஒரு நேரத்துக்கு ஒரு தோசை, சாப்பிடுவது நாலு பேர். ஆகவே மெல்லிய கல் வீட்டில் நன்றாகத்தான் வேலை செய்கிறது. அதைப் பார்த்துவிட்டுத்தான் அது வெளியேயும் வேலை செய்யும் என்று நம்புகிறோம். வெளியே அடுப்பை நம்ப முடியாது. ஒரு வீச்சுக் காற்றில் சுடர் பக்கவாட்டில் படுத்துக்கொள்ளும். சின்ன கேன் அடுப்பு என்றால் வாயு வெளியேற வெளியேற கேன் குளிர்ந்து சுடர் தானாகவே தணியும். கொடைக்கானல், ஊட்டிக் குளிரில் அது இன்னும் சீக்கிரம் நடக்கும். விறகு என்றால் ஒரு கட்டை எரிந்து விழுந்து அடுத்த கட்டை பற்றும்வரை தீ ஏறி இறங்கும். இப்படி அடுப்பு தடுமாறுகிற நேரத்தில் எல்லாம் சமைப்பது யார்? கல்லுக்குள் ஏற்கெனவே சேர்த்துவைத்த சூடுதான். மெல்லிய கல்லில் சேமிப்பே கிடையாது. அடுப்பு தருவதை அப்படியே மாவுக்குக் கடத்தும், தராதபோது கைவிரிக்கும்.

அலுமினியத்துக்கு உரிய நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். வெப்பத்தைக் கடத்துவதில் அது சாதாரண இரும்புத் தகட்டைவிட நாலு மடங்குக்கும் மேல் கெட்டி. அதே தடிமனில் வைத்துப் பார்த்தால் சூடு சீராகப் பரவும், துருவும் பிடிக்காது. 10 எம்.எம். அலுமினியக் கட்டையில் ஒரு கல் கிடைத்தால் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் "லேசான கல்" என்ற பெயரில் நம் கைக்கு வருவது அதுவல்ல. லேசு என்ற ஒன்றை விற்பதற்காகவே தடிமனைச் செதுக்கி எடுத்த பொருள் அது.

அடுத்து அந்தக் கறுப்புப் பூச்சு. ஒட்டாது, எண்ணெய் குறைவு, கழுவச் சுலபம் என்று அதற்கு மூன்று புகழ் இருக்கின்றன. மூன்றும் வீட்டில் ஓரளவு உண்மை. அந்தப் பூச்சின் பெயர் பி.டி.எஃப்.இ. அது 260 டிகிரி வரைதான் தாங்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு. அதைத் தாண்டித் தொடர்ந்து காய்ந்தால் பூச்சு சிதையத் தொடங்கி புகை கக்கும். கூண்டுப் பறவைகள் வீட்டில் அந்தப் புகைபட்டுச் செத்துப்போவது கால்நடை மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். மெல்லிய கல்லை வெறுமனே பெரிய பர்னரில் ஏற்றினால் சில நிமிடங்களில் அந்த வரம்பைத் தொட்டுவிடும். வெளியே கொண்டுபோகிற அடுப்பு பெரும்பாலும் பெரிய பர்னர்தான். விறகில் வைத்தால் சொல்லவே வேண்டாம். அலுமினியம் உருகுவது 660 டிகிரியில். நன்றாகப் பற்றிய விறகுத் தணலின் சூடு அதைத் தாண்டக்கூடியது. ஆக, அந்தக் கல்லை வாங்கிய அன்றே விறகு அடுப்பை இழந்துவிட்டோம். மூன்று கல் கூட்டி, விழுந்து கிடக்கிற பனை மட்டையைப் பொறுக்கிப்போட்டு, போன இடத்தில் சமைக்கும் சுதந்திரம் போய்விட்டது. அதற்குப் பிறகு சிலிண்டரும் கூடவே வந்தாக வேண்டும். 5 கிலோவை மிச்சம்பிடிக்கிறேன் என்று 30 கிலோவைத் தலையில் கட்டிக்கொண்ட கதை இது.

சிலிண்டர் என்ற சொல்லை எழுதும்போது 2023 ஆகஸ்ட் 26 நினைவுக்கு வராமல் போகாது. அன்று அதிகாலை மதுரை ரயில் நிலையத்தில், லக்னோவிலிருந்து ஆன்மிகச் சுற்றுலா வந்தவர்களின் பெட்டி தனியாக நிறுத்தப்பட்டிருந்தது. உள்ளே கொண்டுவந்திருந்த கேஸ் சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் இறந்துபோனார்கள். கோயில் கோயிலாகப் பார்த்துக்கொண்டு வந்தவர்கள். ரயிலில் இப்படிப்பட்ட பொருளைக் கொண்டுபோவது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 164ஆம் பிரிவின்படி குற்றம். மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. நம்மவர்களும் காசி யாத்திரை, சீரடி யாத்திரை என்று பெட்டி பிடித்துப் போகிறோம், சமையல் சாமானோடுதான் போகிறோம். பயணத்தில் விட்டுவிட்டுப் போக வேண்டிய சுமை எது, கூடவே எடுத்துப்போக வேண்டிய சுமை எது என்பதை நாம் தலைகீழாக வைத்திருக்கிறோம். இரும்புக் கல்லை எடுத்துப்போங்கள். தீயைப் போன இடத்தில், அனுமதியுள்ள இடத்தில் பார்த்துக்கொள்ளலாம். காட்டுப் பகுதியில் தீ மூட்டக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அங்கே கட்டுச்சோறுதான்.

"கனமான கல் சூடேற கேஸ் எக்கச்சக்கமாக இழுக்கும்" என்பது அடுத்த வாதம். நானும் பல காலம் நம்பியதுதான். கணக்குப் போட்டுப் பார்த்த பிறகு விட்டேன். 5.6 கிலோ இரும்பை 30 டிகிரியிலிருந்து 200 டிகிரிக்கு ஏற்ற சுமார் 440 கிலோஜூல் போதும். ஒரு கிலோ சமையல் வாயுவில் ஏறத்தாழ 46,000 கிலோஜூல் இருக்கிறது. எரிகிற சூட்டில் மூன்றில் இரண்டு பங்கு காற்றோடு போகிறது என்று வைத்துக்கொண்டாலும், கல்லைக் காயவைக்க ஆகும் வாயு 30 கிராம். காற்றடிக்கும் நாள் என்று தாராளமாகச் சேர்த்தாலும் 50 கிராம். அதற்குப் பிறகு அது திருப்பித் தந்துகொண்டே இருக்கும். மெல்லிய கல்லில் ஒவ்வொரு தோசைக்கும் தீயைக் கூட்டிக் குறைத்து, மறுபடி காயும்வரை காத்திருந்து எரிக்கிற வாயுவை யாரும் கணக்கில் வைப்பதில்லை. கனமான கல் முதலில் பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருக்கச் சொல்லும், அது உண்மை. அந்த நேரத்தில் சட்னிக்குத் தேங்காய் துருவலாம்.

சரி, இதையெல்லாம் ஏற்றுக்கொண்டு இன்னொரு கோடிக்கு ஓடுகிறவர்களும் இருக்கிறார்கள். "பாட்டி காலத்து வார்ப்பிரும்புக் கல்தான் அசல், அதையே எடுத்துப் போவேன்" என்பார்கள். அவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. வார்ப்பிரும்பு சூட்டைப் பிடித்துவைப்பதில் குறைந்ததல்ல. ஆனால் அது நொறுங்கும் சாதி. உள்ளே கரிப்படலங்கள் இழை இழையாக ஓடுவதால் அடி விழுந்தால் வளையாது, விரிசல் விடும். வேன் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது ஆட்டுக்கல்லின் மேல் மோதினாலோ, இறக்குகிறவர் கைநழுவித் தார்ச்சாலையில் போட்டாலோ, காய்ந்து கிடக்கும்போது மழைச்சாரல் திடீரென்று அடித்தாலோ கீறிப்போகும். கீறிய வார்ப்பிரும்பை ஒட்டவைத்து மறுபடி பழைய கல்லாக்குவது பெரும்பாடு. பாட்டியின் கல்லைப் பாட்டியின் அடுப்பிலேயே விடுங்கள். அது ஊர் சுற்றுவதற்கு வார்த்ததல்ல. ஊர் சுற்றுவதற்கு உருட்டுத் தகடுதான் வேண்டும், அதாவது பட்டறைக்காரர்கள் எம்.எஸ். பிளேட் என்று சொல்வது. விழுந்தால் தரைதான் பெயரும்.

இதற்குச் சாட்சி வேண்டுமென்றால் சாயங்காலம் தெருமுனைக்குப் போங்கள். தமிழ்நாட்டில் ஒரு கல்லை நாள்தோறும் இடம்விட்டு இடம் கொண்டுபோகிறவர்கள் தள்ளுவண்டிக்காரர்கள். வீட்டிலிருந்து தள்ளி வந்து கடை போட்டு, ராத்திரி பதினோரு மணிக்கு மறுபடி தள்ளிக்கொண்டு போகிறார்கள். மேட்டில் உடம்பால் முட்டித் தள்ளுகிறார்கள். எடை குறைந்தால் முதலில் மகிழ வேண்டியவர்கள் அவர்கள்தான். அவர்கள் வண்டியில் மெல்லிய கல்லைக் கண்டிருக்கிறீர்களா? தடித்த இரும்புத் தகடுதான். தண்ணீரைத் தெளித்து, கட்டை விளக்குமாற்றால் கூட்டி, எண்ணெய் தேய்த்து அடுத்த ஈடு போடுவார்கள். அந்தத் தண்ணீர்த் தெளிப்பையே மெல்லிய கல் தாங்காது, ஆறிப்போய்விடும். பிழைப்பு நடத்துகிறவரின் தேர்வு அது. வருஷத்துக்கு இரண்டு முறை வெளியே போகிற நாம் அவரைவிடத் தெரிந்தவர்கள்போல நடந்துகொள்கிறோம். கடல் கடந்த கதையும் இதுவே. அமெரிக்காவில் வீட்டு முற்றத்திலும் பூங்காவிலும் கேஸ் கல் வைத்துச் சமைக்கும் பழக்கத்தைப் பரப்பிய பிளாக்ஸ்டோன் நிறுவனம் 2005இல் தொடங்கியது. அந்தக் கல்லும் பூச்சுப் பூசிய அலுமினியம் அல்ல, உருட்டு இரும்புத் தகடுதான். அங்கே குடியேறிய நம்மவர்கள் அதில் தோசை வார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது எடைக்கு வருகிறேன், ஏனென்றால் எடை பொய்யான குறையல்ல. 60 வயதைக் கடந்த ஒரு பெண்மணி கணுக்கையில் வலியோடு 12 கிலோ தகட்டைத் தூக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இரண்டடிக்கு ஒன்றரை அடிக் கல் 6 எம்.எம். தடிமனில் 12 கிலோவுக்கு மேல் வந்துவிடும். 10 எம்.எம். என்றால் 21 கிலோ. அவ்வளவு பெரிய கல் எதற்கு? "20 பேர் ஆச்சே" என்பார்கள். எண்ணிப் பாருங்கள். 40க்கு 30 கல்லில் ஒரு நேரத்தில் இரண்டு தோசை விழும். ஈட்டுக்கு இரண்டு நிமிடம் என்றால் மணிக்கு 60 தோசை. 20 பேருக்கு ஆளுக்கு மூன்று. பிள்ளைகள் முதலில், பெரியவர்கள் பிறகு என்று ஒரு மணி நேரத்தில் பந்தி முடிந்துவிடும். சூடு இறங்காத சின்னக் கல், ஆறி ஆறிக் காயும் பெரிய கல்லைவிட அதிகம் சமைத்துத் தரும்.

இன்னும் ஒரு படி போகலாம். அந்தக் கல்லையே நடுவில் வெட்டி இரண்டாக்குங்கள். 30க்கு 20 அளவில் இரண்டு கல், ஒவ்வொன்றும் 2.8 கிலோ. தடிமனில் ஒரு எம்.எம். கூடக் குறையவில்லை. ஒவ்வொரு தோசைக்கும் அடியில் இருக்கிற இரும்பு அதே அளவுதான். இரண்டு பர்னர் அடுப்பில் பர்னருக்கு ஒன்றாக வைத்தால் நடுவில் காய்ந்து ஓரத்தில் ஆறும் தொல்லையும் போயிற்று. குலதெய்வத்துக்குக் கிடா வெட்டுகிற குடும்பங்களில் இதற்கு இன்னொரு பயனும் உண்டு. ஈரல் வறுக்க ஒரு கல், சைவம் சாப்பிடும் மதினிக்கும் பெரியம்மாவுக்கும் ஒரு கல் என்று தனித்தனியே ஆகிவிடும். அவர்கள் ஓரமாக உட்கார்ந்து பழத்தோடு முடித்துக்கொள்ள வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் இப்போது இப்படித்தான். ஆளுக்கொன்றாக இரண்டு பேர் கையில் எடுத்து வருவார்கள். கனம் என்ற பேச்சே எழுவதில்லை.

கேன் அடுப்பு வைத்திருப்பவர்களுக்கு அகலக் குறைவு உயிர்ப் பிரச்சினையும்கூட. அந்த அடுப்பில் வாயுக் கேன் பர்னருக்குப் பக்கத்திலேயே ஒரு மூடிக்குள் படுத்திருக்கும். கல் அதன்மேல் நீண்டுகொண்டு போனால் கல்லின் சூடு கீழே இறங்கிக் கேனைச் சுட வைக்கும். கேன் வெடிக்கும். பெரிய கல் வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு இதைக் கடையில் யாரும் சொல்வதில்லை. கல்லின் ஓரம் கேன் இருக்கும் பக்கத்தைத் தொடவே கூடாது.

இப்படி ஒரு கல்லை எங்கே வாங்குவது? பெரும்பாலும் வாங்க முடியாது, செய்துகொள்ள வேண்டும். ஊரில் வெல்டிங் பட்டறை இல்லாத சாலை கிடையாது. 6 எம்.எம். எம்.எஸ். பிளேட்டில் அளவு சொல்லி வெட்டித் தரச் சொல்லுங்கள். கிலோ கணக்கில்தான் விலை. ஓரங்களை வட்டமாகத் தேய்த்துத் தரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கையையும் சாக்கையும் கிழிக்கும். புதுத் தகட்டின்மேல் நீலம் கலந்த கறுப்பாக ஒரு செதில் படிந்திருக்கும். அதைக் கிரைண்டர் போட்டு வெள்ளை இரும்பு தெரியும்வரை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்குத் தோசையோடு உரிந்து வரும். மலிவு என்று ஜி.ஐ. தகடு கொடுத்தால் வாங்காதீர்கள். அதில் பூசியிருக்கும் துத்தநாகம் சமையலுக்கு ஆகாது. பழைய இரும்புக் கடைத் தகடும் வேண்டாம், அதன்மேல் என்ன பெயின்ட் இருந்தது என்று யாருக்கும் தெரியாது. ஒரு விஷயத்தில் மட்டும் பட்டறைக்காரர் சொல்வதைக் கேட்காதீர்கள். "காலை அப்படியே தகட்டில் வெல்டிங் வச்சிரட்டுமா?" என்பார். வேண்டாம். வெல்டிங் சூட்டில் தகடு இழுத்துக்கொண்டு நடுவில் குழியோ மேடோ ஆகிவிடும், எண்ணெய் ஒரு பக்கமாகவே ஓடும். ஆங்கிளில் தனியாக ஒரு சட்டம் செய்து, மடக்கும் காலை நட்டுப் போல்ட்டில் பூட்டி, கல்லை அதன்மேல் சும்மா உட்கார வையுங்கள். கல்லுக்கு விரிந்து சுருங்க இடம் வேண்டும்.

பழக்குவதைப் பற்றி நிறையப் பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள். சோறு வடித்த கஞ்சியில் ஒரு நாள் ஊறவிடலாம். கழுவித் துடைத்து, நல்லெண்ணெயை மெலிதாகத் தடவி, புகை வந்து அடங்கும்வரை காயவிட்டு ஆறவிடுங்கள். நாலைந்து முறை செய்தால் எண்ணெய் இரும்போடு இறுகிப் படலமாகிவிடும். பிறகு ஒவ்வொரு தோசைக்கு முன்னும் அரை வெங்காயத்தை எண்ணெயில் தோய்த்து ஒரு இழுப்பு. கடையில் பூச்சோடு வரும் கல்லின் படலம் போனால் போனதுதான். இந்தப் படலம் போனால் ஒரு சாயங்காலத்தில் மறுபடி போட்டுக்கொள்ளலாம். தக்காளியும் புளியும் மட்டும் இதன்மேல் வேகக் கூடாது, படலத்தை அரித்துவிடும்.

எடுத்துப் போவதிலும் ஒரு தவறான பழக்கம் இருக்கிறது. கல்லைக் கடைசியில், எல்லாவற்றுக்கும் மேலே, நிமிர்த்திச் சாய்த்து வைக்கிறார்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி சடாரென்று நின்றால், கட்டாத பொருள் அதே வேகத்தோடு முன்னே வரும். அது 14 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது நாலு மாடி உயரத்திலிருந்து, விழுகிற வேகத்துக்குச் சமம். அந்த வேகத்தில் ஒரு இரும்புத் தகட்டின் விளிம்பு முன்னிருக்கையில் இருப்பவரின் பிடரிக்கு வருவதை நினைத்தால் எனக்குக் குலை நடுங்குகிறது. கல் முதலில் ஏற வேண்டும். தரையோடு தரையாகப் படுத்து, மாவு வாளிக்கும் அரிசி மூட்டைக்கும் அடியில் கிடக்க வேண்டும். எண்ணெய் தடவி, செய்தித்தாள் சுற்றி, சணல் சாக்கில் போட்டு, வாயைக் கட்டிவிட்டால் சத்தமும் வராது, பக்கத்துத் துணியும் கறையாகாது. பாலித்தீன் பையில் மட்டும் கட்டாதீர்கள். உள்ளே வியர்த்துத் துருப்பிடிக்கும். திருச்செந்தூர் போன்ற கடற்கரை ஊரில் ராத்தங்கினால் எண்ணெயைக் கொஞ்சம் தாராளமாகவே தடவி வைக்க வேண்டும். உப்புக்காற்றில் மறுநாள் காலைக்குள் சிவப்பாகப் பூத்துவிடும். பூத்தாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. தேங்காய் நாரால் தேய்த்து எண்ணெய் காட்டினால் போய்விடும்.

போன இடத்தில் மணலாக இருந்தால் காலுக்கு அடியில் செங்கல்லோ தட்டைக் கல்லோ கொடுங்கள். ஒரு கரண்டி தண்ணீரைக் கல்லின் நடுவில் விட்டால் எந்தப் பக்கம் சாய்வு என்று காட்டிக்கொடுக்கும். காற்று வரும் பக்கம் அடுப்பின் உயரத்துக்காவது மறைப்பு வேண்டும். பழைய எண்ணெய் டின்னை வெட்டி விரித்தால் போதும், வேனையே மறைப்பாக நம்பியிருக்க வேண்டாம்.

கனமான கல்லில் ஒரு உண்மையான சிரமம் உண்டு. அது சீக்கிரம் ஆறாது. சமையல் முடிந்து கால் மணி நேரம் ஆனாலும் கை வைக்க முடியாது. கிளம்புகிற அவசரத்தில் தண்ணீர் ஊற்றி ஆற வைக்கலாமா என்று கேட்பார்கள், ஊற்றினால் தகடு கோணிக்கொள்ளும். போன பங்குனி உத்திரத்தன்று எங்கள் சாஸ்தா கோயிலில் வேன்காரர் இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டார். சித்தி காதில் வாங்கவில்லை. அடுப்பை அணைத்துச் சில நிமிடங்கள் ஆகியிருந்தன. வாளியின் அடியில் ஒட்டியிருந்த மாவை வழித்து, அந்தச் சூட்டிலேயே உள்ளங்கை அகலத்தில் குட்டித் தோசைகளாக ஊற்றி, பொடி தூவி, சுற்றி நின்ற பிள்ளைகளின் கையில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தாள்.